பழைய ஸ்ட்ரெயிட்ஸ் டாலரை ஏலத்துக்கு அனுப்புவது எப்படி?

வீட்டுப் பெட்டியில் எட்வர்ட் மன்னர் தலை பதித்த ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பழைய பிரிட்டிஷ் குடியேற்றம்) டாலர் கிடைத்தால், சிங்கப்பூர் ஏல நிறுவனங்கள் அதை உங்கள் சார்பில் விற்கப் பட்டியலில் சேர்க்கும். அதற்கு முன் செய்யவேண்டியவை இவை.

1. துலக்காதீர்கள். புளி, விபூதி, பீதாம்பரி எதுவும் வேண்டாம். நூறாண்டில் படிந்த கருமையைத்தான் சேகரிப்பாளர் தேடுகிறார். துலக்கிய நாணயத்துக்குத் தரச்சான்று நிறுவனங்கள் நிலையைக் குறிக்கும் எண் தரம் தராமல், 'சுத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதிவிடும். சிராங்கூன் சாலை நகைக்கடையில் காட்டுவதானால், உரைகல்லில் உரச விடாதீர்கள். அந்தக் கீறல் போகவே போகாது. பதக்கமாக வளையம் பற்றவைத்த நாணயம் என்றால் ஏலத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

2. எடை பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு போதும். சமையல் தராசு உதவாது. 1903, 1904 நாணயங்கள் 26.95 கிராம், 1907 முதல் 1909 வரை வந்தவை 20.21 கிராம். இரண்டிலும் வெள்ளி 90 சதவீதம். ஜார்ஜ் மன்னரின் 1919, 1920 நாணயங்கள் 16.85 கிராம், அவற்றில் வெள்ளி பாதிதான். தேய்மானத்தால் சிறிது குறையலாம். ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

3. அடர்த்தி சோதனை. போலிகள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். சிறு கோப்பையில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். அசல் 1903 டாலருக்குத் தராசு ஏறத்தாழ 2.6 காட்டும், அடர்த்தி 10.3 வரும். அதே எடையுள்ள பித்தளைப் போலிக்கு 3.2 காட்டும்.

நல்ல நாணயமே போலி போலத் தெரிந்தால் காரணம் காற்றுக்குமிழி. எழுத்துகளின் இடுக்கில் ஒட்டும் குமிழி எண்ணை உயர்த்திவிடும். வெளியே எடுத்து, மறுபடி சாய்வாக மெல்ல இறக்குங்கள். குறைந்தது மூன்று முறை அளந்து பாருங்கள். அடியில் தட்டினால் நாணயத்தின் முழு எடையும் ஏறிவிடும். முடிந்ததும் துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள்.

4. உறை. மைலார் (ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் தாள்) உறையே என் தேர்வு. வளைந்து கொடுக்கும் பிவிசி உறை நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பை உண்டாக்கி நாணயத்தை அரிக்கும்.

5. கணக்கு. சுத்தியல் விலை (ஏலத்தில் முடிவான விலை) 300 சிங்கப்பூர் டாலர், விற்பவர் தரகு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தரகு 30, அதற்கு 9 சதவீத ஜிஎஸ்டி 2.70. கைக்கு வருவது 267.30. வாங்குபவர் தரகு 18 சதவீதமானால் அவர் ஜிஎஸ்டியோடு 358.86 கட்டுவார். தன் உச்ச வரம்பை அவர் இந்தத் தொகையை வைத்தே முடிவு செய்வார். ஆகவே குறைந்தபட்ச விலையை மிக உயர்த்தி வைக்காதீர்கள். விற்காமல் திரும்பினால் கட்டணம் உண்டா, படமெடுக்கத் தனிக்கட்டணமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பிற்சேர்க்கை: ஜப்பானியர் கால வாழைமர நோட்டு பற்றிப் பலர் கேட்கிறார்கள். வரிசை எண் இல்லாமல் எழுத்துகள் மட்டும் இருப்பவை ஏராளமாகக் கிடைக்கின்றன, தனி லாட்டாக ஏலத்தில் வைப்பது வீண். வரிசை எண் உள்ள 10 டாலர் நோட்டு என்றால் கதையே வேறு. மடிக்காமல் தனியே எடுத்து வையுங்கள். அதே பெட்டியில் யானைத் தந்தப் பொருள் இருந்தால் ஏலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்: 1 செப்டம்பர் 2021 முதல் சிங்கப்பூரில் அதை விற்பதற்குத் தடை.