சூடான ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்கும் முன்

லேப்டாப் சர்வீஸ் கற்றுக்கொள்ள நாகர்கோவிலுக்கு வரும் பையன்கள் வருஷா வருஷம் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மெத்தையில் வைக்காதே, ஃபேனில் தூசி தட்டு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தொட்டுப் பார்த்துச் சூட்டை முடிவு செய்வது

2.5 இஞ்ச் டிஸ்க் பெரும்பாலும் நாம் உள்ளங்கை வைக்கும் இடத்துக்கு அடியிலேயே இருக்கும். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் உடனே டிஸ்க் போச்சு என்கிறார்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்தால் டிகிரியே தெரியும். லேப்டாப் டிஸ்க்குகளுக்கு வழக்கமான உச்சவரம்பு 60. 40, 45க்குப் பதற வேண்டாம். லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் கூகுள் வெளியிட்ட கட்டுரையிலும், மிக அதிகச் சூட்டிலும் பழைய டிஸ்க்குகளிலும்தான் பழுது கூடியது. 50க்கு மேல் ஏறி இறங்காமல் நின்றால் கவனியுங்கள்.

தேய்ந்த டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டுவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராபர் லேப்டாப் கொண்டுவந்தார். காப்பி பாதியில் நிற்கிறது என்றார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிய பையன் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை 'ஸ்லாஷ் ஆர்' (/r) போட்டு ஓடவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டான். காலையில் டிஸ்க் 58 டிகிரி. செக்டிஸ்க் மீட்ட துண்டுகளைப் போட்டுவைக்கும் ஃபவுண்ட் ஃபோல்டர் நிறைய பெயரில்லாத ஃபைல்கள். திறந்த படங்களில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மாப்பிள்ளைக்குத் தலை இருக்கிறது, மாலை இல்லை.

"மக்கா, இதை ஓட்டச் சொன்னது யாரு?"

"ஸ்லோவா இருக்குன்னாரு அண்ணே, சரி பண்ணிரலாம்னு..."

ஸ்லாஷ் ஆர் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டராக, அதாவது சின்னச் சின்னப் பகுதியாக, படிக்கும். படிக்க முடியாத இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டும். ஓய்வே இல்லை, சூடு ஏறும். தகவல் பதிந்திருக்கும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். நலிந்த இடம் இன்னும் நலியும். தவிர, செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவது. உங்கள் படத்தைக் காப்பாற்றுவது அல்ல.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 வரிசையில் (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் கணக்கு) ரா வேல்யூ பூஜ்யம் இல்லையென்றால் எதையும் ஓட்டாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றுங்கள், டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்புங்கள், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற காப்பி எடுக்கும் கருவியை வைத்து வேறொரு டிஸ்க்குக்கு எடுங்கள். அது நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு வரும். எதுவரை எடுத்தது என்று குறித்துக்கொள்ள மேப் ஃபைல் கொடுத்திருந்தால், சூடு ஏறும்போது நிறுத்தி, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். செக்டிஸ்க் ஓட்டியே தீரவேண்டும் என்றால் காப்பியின்மேல் ஓட்டுங்கள். டிக் டிக் சத்தம் வந்துவிட்டால் இதுவும் கூடாது; ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஃப்ரீசர்

சூடான டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து ஆற்றுகிறார்கள். வேண்டாம். நம் கடல் காற்றில் வெளியே எடுத்ததும் ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வியர்க்கும். உள்ளே தட்டிலும்தான்.

மூச்சுத்துளை

டிஸ்க்குக்குள் சூட்டில் விரியும் காற்று அதன் உறையில் இருக்கும் ஒரு பொடித் துளை வழியாகத்தான் வெளியேறும். மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தும், அதன்மேல் கடை ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள்.

எஸ்.எஸ்.டி.க்குச் சூடு இல்லை என்று சொல்வது

உண்டு. அதுவும் என்விஎம்இ என்ற வேகமான ரகம் நன்றாகவே கொதிக்கும். கொதித்தால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கன்னியாகுமரி பார்க்கிங்கில் காருக்குள் விட்ட லேப்டாப்

ஆறின பிறகு ஆன் பண்ணுங்கள்.