வகுப்பறைக்குத் தமிழ்ப் படக்கதை எடுக்கும்போது

மொரிஷியஸில் நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல்; பலருக்குத் தமிழ் பள்ளியில்தான் காதில் விழுகிறது. அதனால் படக்கதை எடுக்குமுன் எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் புரட்டுங்கள். கதை புரிகிறதா, எடுங்கள். புரியாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சின்ன வகுப்புக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி போதும். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகளே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கடல், கரும்புத் தோட்டம், காவடி என்று அவர்கள் பார்த்துப் பழகியவை படத்தில் இருந்தால் பேச்சும் வரும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் 4 வாசிப்பு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டும் கொள்ளலாம். கடற்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், நூலால் தைத்துவிடுங்கள்.