ஒரு ராத்திரிக் காவலுக்கு எவ்வளவு?

எங்கள் கடலாமைக் குழுவுக்கு ஒரே ஒரு நிறுவனம்தான் பணம் தந்துகொண்டிருந்தது. ஜனவரியில், பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் நேரத்தில், அது கைவிரித்துவிட்டது. வனத்துறை அனுமதி இருந்தது. ராத்திரி கரையில் நடக்கிற பையன்களுக்குக் கூலிதான் இல்லை. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆகும். அதுவரை காவல் வேண்டும்.

ராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் நிறைய பேர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் கேட்கலாம் என்றதும், "வெளிநாட்டுப் பணம், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் தொடக்கூடாது" என்று குழுவில் பயம். ஆடிட்டரிடம் போனேன். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாதாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவரிடம்தான் பதிவில்லாமல் வாங்கக்கூடாது. பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பணம் கேட்டு அனுப்பிய செய்தியில் "இயற்கையைக் காப்போம்" என்றெல்லாம் எழுதவில்லை. ஒரு ராத்திரிக் காவலுக்கு இவ்வளவு கூலி என்று மட்டும் போட்டேன். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு வாரத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டார்.

அப்புறம் நாகர்கோவில் கடைக்காரர்கள். இவர்களுக்கு வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது முக்கியம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது என்பதால் யுபிஐ.

இப்போது மாதம் 200, 300 தருபவர்கள்தான் அதிகம். குஞ்சுகள் கடலுக்கு ஓடும் வீடியோவை அனுப்பினால் கேட்காமலேயே பணம் வருகிறது. மழைக்காலத்தில்தான் இன்னும் இழுபறி. அனுப்ப வீடியோ இல்லையே!