மலிவு விலை ஆஸ்திரேலிய டானி: முதன்முறை சுவைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரப்பீப்பாயில் முதிரவைத்த, இனிப்பும் வீரியமும் கூடிய ஒயின்தான் டானி. ஆஸ்திரேலிய மதுக்கடைகளில் இருபது டாலருக்குள் கிடைக்கும் அதை முதன்முறை வாங்குவோரில் பலர், ஒரு வாய் பருகியதுமே ‘இருமல் மருந்துபோல இருக்கிறது’ என்று சொல்லிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். சனவரி மாத வெக்கையில் நாள் முழுவதும் சமையலறை மேடையில் கிடந்த புட்டியைத் திறந்து, பெரிய சிவப்பு ஒயின் கோப்பையில் பாதியளவு ஊற்றிக் குடித்தால் வேறெப்படி இருக்கும்? அதே புட்டியை மறுவாரம் குளிரவைத்துச் சிறிய அளவில் பருகியபோது, உலர்திராட்சையும் வறுத்த வாதுமையும் கருப்பட்டிப் பாகும் கலந்த மணம் தெளிவாகப் பிடிபட்டது. மலிவான டானியின் மீது சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி, அதை அருந்தும் முறையில் நேரும் பிழைகளால் வருபவை.

முதல் குழப்பம் கடையிலேயே தொடங்குகிறது. இவ்வகை ஒயினுக்கு முன்பு வழங்கிய ‘போர்ட்’ என்ற பெயரைத் தேடிச் செல்பவருக்கு இன்றைய ஆஸ்திரேலியப் புட்டிகளில் அது தென்படாது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஆஸ்திரேலியா செய்துகொண்ட ஒயின் உடன்பாடு 2010 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததையடுத்து, போர்ட் என்பது போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் விளைந்த ஒயினுக்கே உரிய பெயரானது. ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள் வெறும் ‘டானி’ என்று எழுதத் தொடங்கினார்கள். பேச்சு வழக்கில் பலர் இன்னும் போர்ட் என்றே சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம். இந்தியாவிலிருந்து செல்பவருக்கு இன்னொரு குழப்பமும் நேரும். கோவாவில் ‘போர்ட் ஒயின்’ என்று விற்கப்படும் இனிப்பான சிவப்பு ஒயினை மனத்தில் வைத்துக்கொண்டு டானியைத் தொட்டால், அதன் பழுப்பு நிறமும் வீரியமும் திகைக்கவைக்கும்.

அந்த வீரியம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதில் வடித்த ஸ்பிரிட்டைச் சேர்த்தால் ஈஸ்ட்டின் வேலை நின்றுபோகும். ஆல்கஹாலாக மாறாத சர்க்கரை அப்படியே தங்கிவிடும். எனவே இனிப்பும் 18 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் ஒரே பானத்தில் சேர்ந்து நிற்கின்றன. இந்த இரண்டையும் கட்டுக்குள் வைப்பது வெப்பநிலைதான் என்பதால், என் கணக்கில் முதற்பெரும் தவறு டானியைக் குளிரவைக்காமல் அருந்துவதே. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருகவேண்டும் என்ற அறிவுரை ஐரோப்பியக் கல்வீடுகளின் குளிர்ந்த அறைகளில் பிறந்தது. அடிலெய்டின் கோடை மாலையில் அதைக் கடைப்பிடித்தால் ஆல்கஹாலின் நெடி மூக்கைக் குத்தும், இனிப்பு நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டும். 14 முதல் 16 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும்போது இனிப்பு அடங்கிப் புளிப்பு தலைதூக்கும், கொட்டைகளின் மணம் மேலெழும். வெளியில் இருந்த புட்டியை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் போதுமானது. பெட்டியிலேயே நாட்கணக்கில் இருந்த புட்டி என்றால், ஊற்றுவதற்கு இருபது நிமிடம் முன்பாக வெளியே எடுத்துவிட வேண்டும். அளவுமீறிக் குளிர்ந்த டானியில் மணமே இராது. பனிக்கட்டி போடுவது பாவமொன்றும் இல்லை, ஆனால் முதல் தடவை சுவைக்கும்போது வேண்டாம்.

அடுத்தது, சாதாரண ஒயினை முகர்வதுபோல மூக்கைக் கோப்பைக்குள் ஆழ நுழைத்து இழுப்பது. இவ்வளவு ஆல்கஹால் உள்ள பானத்தை அப்படி முகர்ந்தால் மூக்கு எரிந்து, பின்வரும் மணம் எதுவும் தெரியாமல் போய்விடும். கோப்பையை முகவாய்க்கருகே பிடித்து மெல்ல மேலே கொண்டுவருவது நல்ல வழி. ஊற்றும் அளவு 60 மில்லியைத் தாண்டவேண்டியதில்லை. 18 சதவீத டானியின் 750 மில்லி புட்டியில் ஏறத்தாழ பத்தரை ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ (ஆஸ்திரேலியாவில் 10 கிராம் தூய ஆல்கஹால் கொண்ட அளவு) இருக்கிறது. வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்பது ஆஸ்திரேலியத் தேசிய சுகாதார மற்றும் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இனிப்பு வீரியத்தை மறைத்துவிடுவதால், இரண்டாவது கோப்பை எப்போது தீர்ந்தது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

நிறத்தைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் உண்டு. பீப்பாயின் மரத்துளைகள் வழியே சிறிது சிறிதாகக் காற்றுப் பட்டுப்பட்டுத்தான் சிவப்பு மங்கி, செம்பழுப்பு நிறம் வருகிறது. டானி என்ற ஆங்கிலச் சொல்லே அந்த நிறத்தைக் குறிப்பதுதான். மலிவான டானியில் இளமையான ஒயினின் பங்கு கூடுதல் என்பதால் நிறத்தில் சிவப்புச் சாயல் எஞ்சியிருக்கலாம், அதுவும் குறையன்று. பரோசா பள்ளத்தாக்கின் செப்பல்ட்ஸ்ஃபீல்டு ஒயின் ஆலையில் 1878இல் நூறாண்டு கழித்துத் திறப்பதற்காக ஒரு பீப்பாய் ஒதுக்கிவைக்கப்பட்டது. அந்த மரபில் வரும் நூறாண்டு டானி பாகுபோலக் கெட்டியானது, கருமையானது. அதைப் பற்றிப் படித்துவிட்டு வந்து பதினைந்து டாலர் புட்டியில் அந்த ஆழத்தைத் தேடுவது நியாயமில்லை. கூடுதல் முதுமை வேண்டுமானால் ‘கிளாசிக்’, ‘கிராண்ட்’, ‘ரேர்’ என்று லேபிளில் ஏறுவரிசையில் வரும் தரப்பெயர்களைப் பார்க்கவேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். போர்ச்சுகல் டானியோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதும் பயனற்ற வேலை. அங்கே டூரோவின் உள்ளூர்த் திராட்சை வகைகள், இங்கே பெரும்பாலும் வெயிலில் நன்கு பழுத்த ஷிராஸ், கிரெனாஷ், மட்டாரோ. ஆஸ்திரேலிய டானி பொதுவாக இன்னும் இனிப்பாக இருப்பது அதன் இயல்பு.

உணவோடு சேர்க்கும்போது நேரும் பிழை நுட்பமானது. டானி இனிப்பானது என்பதால் அதைவிட இனிப்பான பண்டத்துடன் பரிமாறினால், ஒயின் திடீரெனப் புளித்து மெலிந்ததுபோலத் தோன்றும். நீலப் பூசணம் படிந்த உப்புச் சீஸ், வறுத்த வால்நட், உலர்ந்த அத்தி, கசப்புக் கூடிய சாக்லேட் ஆகியவற்றில் ஒன்று போதும். என்னைக் கேட்டால் சீஸும் வால்நட்டும் இருக்கும்போது சாக்லேட்டுக்கு வேலையில்லை. விருந்தின் தொடக்கத்தில் டானியை அருந்திவிட்டால் அதற்குப் பின் வரும் இனிப்பில்லாத ஒயின்கள் எல்லாம் வெறும் புளிப்பாகப் படும் என்பதால், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே முறை.

வண்டலை நீக்க டிகாண்டர் என்னும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைக்கும் சடங்கு டானிக்குத் தேவையே இல்லை. வண்டல் படிவது புட்டியிலேயே முதுமையடையும் வின்டேஜ் வகையில். டானியின் வளர்ச்சி பீப்பாயோடு முடிந்துவிடுகிறது. அதே காரணத்தால், பத்தாண்டு அலமாரியில் வைத்தால் மேலும் சிறக்கும் என்று எண்ணிப் பாதுகாப்பதும் வீண். அதன் புத்துணர்ச்சி மெல்ல வடியுமேயன்றி மேன்மை கூடாது. திறந்த புட்டியை அன்றே காலி செய்யவேண்டிய கட்டாயமும் கிடையாது. பீப்பாயில் காற்றோடு பல ஆண்டு பழகிய ஒயின் என்பதால், இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நான்கு வாரம் தாக்குப்பிடிக்கும். மணம் மந்தமாகிவிட்டதாகத் தோன்றினால், எஞ்சியதை உலர்பழக் கேக்குக்கான திராட்சையை ஊறவைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.