பழைய ஓட்டலைக் கையில் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் சமையல்கட்டில் உளுந்து அளக்க ஒரு பழைய பால்பவுடர் டப்பா இருந்தது. விளிம்பு நசுங்கி, அடி கறுத்துப்போன டப்பா. நான் கல்லாவுக்கு வந்த புதிதில் கடைக்கு வெள்ளையடித்தோம். அந்தச் சுறுசுறுப்பில் டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, பளபளவென்று ஒரு எவர்சில்வர் படி வாங்கி வைத்தேன். நாலாம் நாள் கல் மாஸ்டர் தோசைக் கரண்டியோடு வந்து நின்றார். "தம்பி, மாவு கல்லைப் புடிக்குது. திருப்ப வரலை." மாவும் குழம்பும் பார்க்கும் சரக்கு மாஸ்டரைக் கேட்டால், "அந்த டப்பாவுல தலைதட்டி அஞ்சு" என்கிறார். அந்த டப்பா எத்தனை கிராம் பிடிக்கும் என்று தாத்தா காலத்திலிருந்து யாருமே எடை போட்டுப் பார்த்ததில்லை. தோசை பழையபடி வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் காலை வாடிக்கையில் சிலர் வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள்.

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் எங்கள் டிபன் கடை. ஊர் மாறிப்போனதால்தான் பழைய ஓட்டல்கள் மூடுகின்றன என்று பேசிக்கொள்கிறோம். எனக்கென்னவோ பாதிக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருப்பதாகத்தான் படுகிறது. சமையல் அளவு, வாடகை, பங்காளிகளின் பாகம், கடைப் பெயர் எல்லாமே பெரியவர் ஒருவரின் தலைக்குள் இருக்கும். அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள நமக்கு நேரம் இருக்காது. சமையலையாவது இன்றைக்கே தராசில் வைத்து கிராம் கணக்கில் எழுதிவிடுங்கள். அதிலும் புளி ஏமாற்றும். புதுப்புளியும் பழம்புளியும் ஒரே எடைக்கு ஒரே புளிப்பைத் தராது என்பதால், கரைசலை வாயில் வைத்துப் பார்த்துச் சொல்ல மாஸ்டருக்குக் கீழே இன்னொரு ஆளையும் பழக்க வேண்டும்.

அடுத்தது வாடகை. பெரும்பாலும் நம் தாத்தாவும் கட்டடக்காரரின் தாத்தாவும் திண்ணையில் பேசி முடித்த கணக்கு அது. "அறுபது வருஷக் குடித்தனம், நம்மை யார் கிளப்ப முடியும்" என்ற தைரியத்தில் இருப்போம். அந்தத் தைரியம் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை சரி. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, காலி செய்யக் கேட்டுக் கட்டடக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அவருடைய பேரன் பெங்களூரில் இருக்கிறார், மூன்று மாடி காம்ப்ளக்ஸ் கட்டும் யோசனையில் இருக்கிறார் என்றால் சொல்லவே வேண்டாம். பேச்சு சுமுகமாக இருக்கும்போதே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. வாடகை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஏறட்டும்.

பெயர் விஷயத்தையும் இதோடு முடித்துவிடலாம். பங்காளிகள் பிரிந்தபின் ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு போர்டு, ஒன்றில் 'பழைய', இன்னொன்றில் 'ஒரிஜினல்'. இதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பாகம் பிரிக்கும் பத்திரத்தில் பாத்திரம் பண்டம் வரை எழுதுவார்கள், பெயர் யாருக்கு என்று மட்டும் எழுத மாட்டார்கள். உணவகத் தொழிலுக்கான வணிகக்குறி (டிரேட்மார்க்) 43-ஆம் வகுப்பில் பதிவாகிறது. ஒரு தடவை பதிந்தால் 10 ஆண்டு, அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம்.

சரி, ஊர் மாறியதற்கு வருவோம். சென்னை – பெங்களூர் சாலையும் சேலம் – பெங்களூர் சாலையும் சந்திக்கிற ஊர் இது. ஒரு காலத்தில் வெளியூர் பஸ் நிற்கிற பத்து நிமிடத்தில் நாற்பது இட்லி பார்சல் போகும் என்பார் அப்பா. இப்போது பல பஸ்கள் ஊருக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 2022-இல் ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் மருத்துவக் கல்லூரி வந்தபின் ஆஸ்பத்திரிக் கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பியது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பைபாஸ் ஓட்டலைப் பார்த்து நாமும் ஏசி போடுவோம், பன்னீர் பட்டர் மசாலாவும் ஃபிரைடு ரைஸும் சேர்ப்போம். காரில் போகிறவர் அதற்காக ஊருக்குள் வண்டியைத் திருப்ப மாட்டார். அங்கே பார்க்கிங் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. நம் தெருவில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை. இன்னொன்று, ஓட்டலுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்றால் வாங்கும் சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஏசிக்கும் டைல்ஸுக்கும் கட்டிய வரி முழுக்க நம் தலையில்தான்.

யார் இன்னும் வருகிறார்கள் என்று ஒரு வாரம் கல்லாவில் உட்கார்ந்து குறித்தேன். காலையில் கடை திறந்ததும் மார்க்கெட் சுமைக்காரர்கள், பத்து மணிக்குமேல் பத்திரப்பதிவுக்கும் நகைக்கடைக்கும் வந்த கிராமத்துக் குடும்பங்கள், மாங்காய் சீசனில் லாரி ஆட்கள். இவர்கள் யாரும் ஏசி கேட்கவில்லை. கடையைச் சீக்கிரம் திறக்கச் சொன்னார்கள். ஆறரைக்குத் திறந்ததை ஐந்தாக்கினேன், ராகிக் களி சேர்த்தேன். ஏசி வாங்க வைத்திருந்த பணம் கைகழுவும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் போனது.

விலையில் ஒரு கூச்சம் உண்டு. வாடிக்கைக்காரர் முகத்துக்காக விலையை ஏற்றாமல் இட்லியைச் சின்னதாக்குவோம், சட்னியில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டுவோம். முதல் கவளத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும், ஆனால் சொல்ல மாட்டார். ஒரு வாரம் முன்பே போர்டில் எழுதிவிட்டு ஏற்றினால் இரண்டு நாள் முணுமுணுப்போடு போய்விடும்.

வீட்டு ஆட்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத தவறை நான் கடைசியில்தான் கவனித்தேன். லாபம் வருகிறது என்று நாங்கள் நினைத்த மாதங்கள் பலவற்றில், மாஸ்டர் சம்பளத்தில் பாதியாவது அண்ணிக்குக் கொடுத்திருந்தால் நஷ்டம்தான் நின்றிருக்கும். காலை நாலு மணிக்குத் தேங்காய் துருவ உட்காருவார். பதினெட்டு வருஷமாக அவர் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. இப்போது சம்பள நோட்டில் முதல் வரி அவருடையது. முதல் மாதம் கையெழுத்துப் போடச் சொன்னபோது, "எனக்கெதுக்கு" என்றார். அப்புறம் நோட்டை வாங்கி, மற்றவர்களுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.