கொடுவாவுக்கு லூர் வீசுகிறவர்களுக்கு: முதலில் முள்ளை மாற்றுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பையன்கள் கரையில் நின்று லூர் (முள் மாட்டிய செயற்கை இரை) வீசிக்கொண்டிருந்தார்கள். ராடும் ரீலும் புதுசு. தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. மடவைக் குஞ்சுகள் கரையோரம் சிதறிச் சிதறி ஓடின. நல்ல நேரம், நல்ல இடம். ஒருவனுக்கு மீன் அடித்தது. ராடு வளைந்து, தூண்டில் நரம்பு சீறிக்கொண்டு போனது. மீன் ஒரு முறை தண்ணீருக்கு மேலே எழும்பி, வாயைத் திறந்து தலையை உதறியது. நான்கு கிலோவுக்குக் குறையாத கொடுவா. அடுத்த நொடியே நரம்பு தளர்ந்துவிட்டது.

"முள்ளு நிமிந்துடுச்சுண்ணே" என்று லூரைத் தூக்கிக் காட்டினான். வயிற்றுப் பக்கம் தொங்கிய மூன்று முனை முள்ளில் ஒரு முனை ஊசி போல நேராகியிருந்தது, இன்னொன்று பாதி விரிந்திருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே ஆற்றில் என் கையில் இருந்ததும் இப்படிப்பட்ட முள்தான். அதற்குப் பிறகு இந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முடிச்சைச் சரியாகப் போடுங்கள், தொப்பி போடுங்கள், கரையில் சத்தம் போடாதீர்கள் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். கீழே ஒவ்வொரு தலைப்பும் நான் அடிக்கடி பார்க்கிற ஒரு தவறு.

லூரோடு வந்த முள்ளை அப்படியே விடுவது

கொடுவா இரையைக் கொத்துவதோ கடித்துத் துண்டாக்குவதோ கிடையாது. பெரிய வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், உடனே மூடி நசுக்கும். ராத்திரியில் கண்டல் மரங்கள் ஓரம் படகை நிறுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், அது இதுதான். வாய்க்குள்ளே எலும்பு கெட்டி. மெல்லிய முள் அந்த எலும்பில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது மீன் ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமும் இழுக்கிறோம். முள் விரியாமல் என்ன செய்யும்?

கடைகளில் கிடைக்கும் லூர்களில் பல, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஏரி மீன்களை மனதில் வைத்துச் செய்தவை. அந்த மீனுக்கு மெல்லிய முள் சுலபமாக இறங்கும், லூரும் இலேசாக நீந்தும். அந்த லூரில் குறை ஒன்றும் இல்லை. நம் மீனுக்கு அந்த முள் பொருந்தாது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று கொண்டாடுகிற மீன் நம் கொடுவாதான். அந்த மீனுக்கென்றே செய்த லூர்களில் பெரும்பாலும் தடித்த முள்ளே போட்டு அனுப்புகிறார்கள். வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது. 900 ரூபாய் கொடுத்து ஒரு மின்னோ லூர் (சின்ன மீன் வடிவத்தில் இருப்பது) வாங்கினேன். "கம்பெனி முள்ளு சார், எதுவும் ஆகாது" என்றார் கடைக்காரர். நம்பினேன். ஒரு ஃபைபர் படகில், உள்ளூர் அண்ணன் ஒருவர் எஞ்சினைப் பிடிக்க, ஆற்றுக்குள் போனோம். விடியற்காலை. மூன்றாவது வீச்சில் அடித்த மீனை நாங்கள் இரண்டு பேரும் முழுசாகப் பார்த்தோம். படகின் பக்கத்தில் வந்து புரண்டது, அந்த அண்ணன் கைவலையை எடுத்துக் குனிந்துவிட்டார். அப்போதுதான் வயிற்று முள் நிமிர்ந்தது. மீனின் முழுப் பாரமும் வால் முள்ளுக்குப் போனது. அதை லூரோடு பிணைத்திருந்த ஸ்ப்ளிட் ரிங் (சாவிக்கொத்து வளையம் போன்றது) பிளந்து, முள் மீனோடு போய்விட்டது. லூர் மட்டும் என் கைக்குத் திரும்பி வந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. படகின் மூலையில் இருந்த டப்பாவைத் திறந்து, அவர் ஆயிரங்கால் தூண்டிலுக்கு (ஒரே நீளக் கயிற்றில் நிறைய முள் கட்டியது) வைத்திருந்த முள் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில், நிமிர்ந்த முள்ளுக்குப் பக்கத்தில் வைத்தார். "எங்க முள்ளப் பாரு தம்பி, உன் முள்ளப் பாரு." அவருடைய கம்பி என்னுடையதைப் போல இரண்டு மடங்கு தடிமன் இருந்தது.

மீன் போனதை மறந்துவிட்டேன். மூன்று முனை முள்ளை வாயில் பூட்டிக்கொண்டு அது போனதுதான் இன்னும் உறுத்துகிறது. வாய் சரியாகத் திறக்காமல், இரை எடுக்க முடியாமல் அது எத்தனை நாள் திரிந்ததோ. நல்ல முள்ளுக்கு ஆகிற 300 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு மீனை இப்படிச் செய்வது தப்பு. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதற்கும் இதுதான் காரணம்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் முள்ளைச் சோதித்துப் பாருங்கள். பெட்டி படுக்கை நிறுக்கும் கைத்தராசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். லூரை ஒரு வைஸில் (பட்டறையில் இறுக்கிப் பிடிக்கும் கருவி) துணி சுற்றிப் பிடித்துவிட்டு, ஒரே ஒரு முள் முனையைத் தராசின் கொக்கியில் மாட்டி மெதுவாக இழுங்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். என் பெட்டியில் இருந்த பழைய முள் ஒன்று 5 கிலோவுக்குள்ளேயே விரிய ஆரம்பித்தது. மாற்றிய முள் 10 கிலோவைத் தாண்டியும் அசையவில்லை. தலையை உதறிக்கொண்டு கண்டல் வேருக்குள் ஓடுகிற கொடுவாவுக்கு 5 கிலோ ஒரு கணக்கே இல்லை.

மாற்றும்போது பாக்கெட்டில் 2எக்ஸ், 3எக்ஸ், 4எக்ஸ் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். கம்பி எவ்வளவு தடிமன் என்பதற்கான குறி அது. 10 முதல் 12 சென்டிமீட்டர் லூருக்கு 3எக்ஸ் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் தாங்குகிற பூச்சு இருக்க வேண்டும். முன் முள்ளும் பின் முள்ளும் ஒன்றோடொன்று சிக்காத அளவுக்குத்தான் பெரிதாகப் போகலாம். முள்ளை மாற்றிவிட்டு ரிங்கை விட்டுவிட்டால் பிரயோஜனமில்லை, அதையும் சேர்த்து மாற்றுங்கள். ரிங்கைத் திறக்க அதற்கென்று மூக்கு வளைந்த சின்ன பிளையர் இருக்கிறது. கத்தி முனையால் நெம்பினால் ரிங் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

பலரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த இடத்தில். தடித்த முள் கனமானது. மிதக்கும் லூர் மூழ்கும் லூராகிவிடும், இல்லையென்றால் நெளியாமல் கட்டை போல வரும். அதனால் நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் பழைய முள், புது முள் இரண்டையும் நிறுத்துப் பார்ப்பேன். முன் முள்ளும் பின் முள்ளும் சேர்ந்து ஒரு கிராம் கூடினாலே சின்ன லூரின் நடை மாறிவிடும். அப்புறம் ஒரு வாளித் தண்ணீர். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் லூர் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றால், முகத்துவாரத்து உப்புத் தண்ணீரில் அது மெல்ல மேலே வரும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் அடர்த்தி கூடியது. ஐப்பசி கார்த்திகை மழை வெள்ளத்தில் ஆறு நல்ல தண்ணீராக ஓடும்போது அதே லூர் வாளியில் நின்ற மாதிரியே நிற்கும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருப்பவர், கல் கிடக்கும் இடத்தில் லூரை இழக்க மாட்டார்.

கனம் கூடிப்போனால் மூன்று முனை முள்ளுக்குப் பதிலாகத் தடித்த ஒற்றை முள் போடுங்கள். நான் இப்போது பாதி லூர்களில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கண்டல் வேரில் குறைவாகச் சிக்குகிறது, மீனின் வாயிலிருந்து எடுப்பதும் சுலபம். சில அடிகள் மாட்டாமல் போகும், உண்மைதான். மாட்டியது நிற்கும்.

டிராக்கைக் கடைசி வரை இறுக்குவது

டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கிற ரீலின் பிரேக். நரம்பு தாங்கும் பாரத்தில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறுக்கினால் போதும். 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு) என்றால் சுமார் மூன்றரை முதல் நாலரை கிலோ. கையால் இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தக் கைத்தராசை இங்கேயும் பயன்படுத்துங்கள்.

லீடர் இல்லாமல் பிரெய்டை நேராகக் கட்டுவது

கொடுவாவைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். என் ஆள்காட்டி விரலில் அதன் தழும்பு இருக்கிறது. உதட்டுக்குள் பல் தனித்தனியாகத் தெரியாது, விரலை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். இழுத்துப் பிடித்த பிரெய்டு இந்த இரண்டில் எதில் பட்டாலும் போய்விடும். பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் தடித்த நரம்புதான் லீடர். 40 முதல் 60 பவுண்டு லீடர் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கட்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லூருக்கு மேலே ஒரு சாண் தூரத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அங்கேயே வெட்டி மறுபடியும் கட்டுங்கள். மீன் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய மனசு வராது. அப்போதுதான் செய்ய வேண்டும்.

மெல்லிய ஸ்னாப் கொக்கி

லூரை லீடரோடு மாட்டுகிற கொக்கி இது. முள்ளை மாற்றிவிட்டு இதை மறந்தால் அடுத்து திறப்பது இதுதான்.

இருபது லூர் வாங்குவது

மூன்று போதும். ஆழம் குறைந்த இடத்தில் ஓட ஒரு மிதக்கும் மின்னோ, பாலத் தூண் ஓரமும் ஓடையின் ஆழமான பகுதியிலும் இறக்க ஈயத்தலையில் கோத்த ரப்பர் மீன், இருட்டும் நேரத்துக்கு மேல்தண்ணீரில் ஓடுகிற ஒன்று. மிச்சப் பணத்தில் நல்ல முள்ளும் ரிங்கும் வாங்குங்கள். நிறத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பார்ப்பதில் அந்த நேரத்தைச் செலவிட்டால் மீன் கிடைக்கும். ஓடை வாயில் வற்றுகிற தண்ணீரோடு இறாலும் மடவையும் வெளியே வரும். கொடுவா அங்கேதான் காத்திருக்கும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பலகைக்கு மெத்தையாகப் போடுவது

இதை நிறையப் படகுகளில் பார்க்கிறேன். முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியே ஓடும் நேரம், எதிரே கடலிலிருந்து காற்று அடித்தால், பத்து நிமிடத்தில் அலை எழும்பும். அந்த நேரத்தில் எழுந்து நின்று ஜாக்கெட்டை உருவி எடுத்துக் கையை நுழைக்க முடியாது. படகில் ஏறும் முன்பே போட்டு, கொக்கிகளை எல்லாம் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

படகில் இரண்டு பேர் வீசினால் ஒரே பக்கம் நிற்காதீர்கள். ஒரு தடவை பின்னால் பார்க்காமல் ராடை வீசியதில், அந்த அண்ணனின் முழங்கையில் என் முள் சதைக்குள்ளேயே போய்விட்டது. மருத்துவமனை போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அதுவரை லூர் அவர் கையிலேயே தொங்கியது. முள்ளை வெட்டுகிற கட்டர் ஒன்று படகில் இருந்திருந்தால் லூரையாவது கழற்றியிருப்போம். அன்றிலிருந்து கட்டர் இல்லாமல் நான் படகில் ஏறுவதில்லை.

மின்கம்பிக்குக் கீழே நிற்பது

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டாலும் ராடைக் கீழே வைத்துவிடுங்கள்.

அனுமதியில்லாமல் பிச்சாவரத்துக்குள் போவது

அது வனத்துறையின் காப்புக்காடு. கேட்டுவிட்டுப் போங்கள்.

பெரிய மீனை உதட்டைப் பிடித்துத் தொங்கவிடுவது

போட்டோவுக்காகச் செய்வது. மீனின் முழு எடையும் தாடையில் தொங்கும், உள்ளுறுப்புகள் கீழே சரியும். திருப்பி விட்டாலும் பிழைப்பது சந்தேகம். ஒரு கை வாய்ப்பக்கம், இன்னொரு கை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, படுக்கை வசமாகப் பிடியுங்கள். கை நனைந்திருக்கட்டும்.

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெரும்பாலும் பெண்ணாக மாறுகிற மீன். நீங்கள் பெருமையாகத் தூக்கிப் பிடிக்கிற பெரிய மீன் அநேகமாக முட்டையிடும் தாய். குழம்புக்குத்தான் வேண்டுமென்றால் பண்ணைக் கொடுவா சந்தையில் கிடைக்கிறது. சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997ஆம் ஆண்டிலேயே கொடுவாவைச் சினைப்பிடிக்க வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்துவிட்டது. ஆற்றில் பிடித்த பெரிய மீனை நான் விட்டுவிடுகிறேன், நீங்களும் விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரீலை ஹோஸ் பைப்பால் பீய்ச்சிக் கழுவுவது

வேகமாக அடித்தால் உப்பு வெளியே வராது, உள்ளே போகும். டிராக்கை முதலில் இறுக்கிவிட்டு, குழாயை மெதுவாகத் திறந்து இலேசாக நனையவிட்டு, துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். காய்ந்த பிறகு டிராக்கை முழுசாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அமுங்கிப்போய், அடுத்த தடவை நரம்பு விட்டு விட்டு வரும்.

ஈர லூரைப் பெட்டியில் போட்டு மூடுவது

ஒரு முள் துருப்பிடித்தால் ஒரு மாதத்தில் பெட்டி முழுக்கத் துரு. அந்தப் பையனிடம் இரண்டு முள்ளும் இரண்டு ரிங்கும் கொடுத்தபோது அவன் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஏழு லூர், அடியில் ஒரு விரற்கடை அளவுக்குப் பழுப்புத் தண்ணீர்.