சோடியம் குறைந்த நோயாளியின் நீர்க்கணக்கு: ஐ.சி.யூ.வில் எங்கே தவறுகிறோம்?

எழுபது வயதுப் பாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.பி.க்குத் தயசைட் (உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும்) மாத்திரை போடுகிறார். மூன்று நாளாக வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு குழறுகிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய சோடியம் 108தான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தி நார்மல் சலைன் ஏற்றுகிறோம். மாலை வரை மணிக்கு 30 மில்லி, அடர்மஞ்சளாக வந்த சிறுநீர், இரவு பதினோரு மணிக்கு 250 மில்லி ஆகிறது, அதுவும் பச்சைத்தண்ணீர் போல. "யூரின் நல்லா போகுது" என்று எல்லோருக்கும் நிம்மதி. காலையில் சோடியம் 124.

பெரிய தவறு அந்த நிம்மதிதான். உடம்பில் நீர் வற்றியிருந்தவரை ஏ.டி.எச். ஹார்மோன் சிறுநீரகத்தைத் தண்ணீர் விடாமல் பிடித்து வைத்திருந்தது. சலைன் போய் ரத்த ஓட்டம் சீரானதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. சிறுநீரகம் வெறும் தண்ணீராகக் கொட்ட, சோடியம் கிடுகிடுவென ஏறுகிறது. பொட்டாசியம் குறைந்தவர்கள், சத்துக்குறைவானவர்கள், குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏறக் கூடாது. பாட்டிக்கு ஏறியது 16. மீறினால் மூளை நரம்புகளின் உறை சிதையலாம். அது உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. தெளிவாகப் பேசத் தொடங்கியவருக்குச் சில நாள் கழித்து நாக்கு குழறும், விழுங்க முடியாது, கைகால் விழும்.

அதனால் சிறுநீர் மணிக்கு 100 மில்லியைத் தாண்டினால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே சோடியம் பாருங்கள், டாக்டரை எழுப்புங்கள். டெக்ஸ்ட்ரோஸ் தண்ணீர், ஏ.டி.எச். போலவே வேலை செய்யும் டெஸ்மோப்ரெசின் மருந்து என்று வேகத்தைப் பிடித்து நிறுத்த வழி உண்டு. வெறும் 24 மணி நேரக் கூட்டுத்தொகையைப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

அடுத்தது, உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் எழுதும் சார்ட்டில் உள்ள பிளஸ், மைனஸை மட்டும் நம்புவது. ஒரு லிட்டர் சலைன் போய், ஒரு லிட்டர் தண்ணீர் போன்ற சிறுநீர் வந்தால் பேலன்ஸ் பூஜ்யம், ஆனால் சோடியம் ஏறும். ஏ.டி.எச். தேவையில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும் எஸ்.ஐ.ஏ.டி.எச். நோயாளியிடம் கதை தலைகீழ். ஒரு லிட்டர் சலைனில் இருக்கும் உப்பு முழுவதும் கெட்டியான அரை லிட்டர் சிறுநீரிலேயே போய்விடலாம். மிச்ச அரை லிட்டர் வெறும் தண்ணீராக உள்ளே தங்கி, சோடியம் இன்னும் இறங்கும். சார்ட் மில்லியைத்தான் எண்ணுகிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சிறுநீரின் சோடியமும் ஆஸ்மோலாலிட்டியும் (கரைந்திருக்கும் பொருள்களின் அடர்த்தி) பார்க்காமல் ஊகிக்க முடியாது.

சார்ட்டில் ஏறாத விஷயங்களும் உண்டு. டெக்ஸ்ட்ரோஸில் கலந்த மருந்து, மூக்குக்குழாயைக் கழுவிவிடும் தண்ணீர், காய்ச்சலின் வியர்வை, டயப்பரில் போன பேதி. முடிந்தால் தினமும் எடை பாருங்கள். அப்புறம் பொட்டாசியம்: அதை ஏற்றினாலும் சோடியம் உயரும். பாட்டிக்கு வாந்தியால் பொட்டாசியமும் குறைந்திருக்கும், யாரோ தனியாக அதையும் ஓடவிட்டிருப்பார்கள்.

டிரிப்ஸ் ஓடும் கையிலிருந்தே ரத்தம் எடுத்தால் டிரிப்ஸ் கலந்து அளவு தவறும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் நடக்கிறது.

இவ்வளவு பயமுறுத்திவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். சோடியம் குறைந்து வலிப்பு வந்த நோயாளிக்குத் தயங்கக் கூடாது. 3 சதவீத சலைன் 100 முதல் 150 மில்லி, பத்து இருபது நிமிடத்தில் போக வேண்டும். முதல் 4 முதல் 6 மில்லிமோல் ஏறினாலே பெரும்பாலும் ஆபத்து தணியும். அந்த உயர்வும் அன்றைய 8க்குள் அடக்கம்தான்.

அந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதில்லை, ஷிஃப்ட் மாறினால் புதிதாகவும் தொடங்காது. ஹேண்டோவரில் இப்படி எழுதினால் போதும்: "காலை 9 மணிக்கு 108. நாளை காலை 9 வரை 116ஐத் தாண்டக் கூடாது. இப்போது 113. கடைசி மணி நேர யூரின் 60, மஞ்சள்."